தினமும் ரசம் மட்டுமா வைக்கிறோம்?



ஒரு நாள் ரசம், ஒரு நாள் காரக்குழம்பு, ஒரு நாள் கீரைக் கடைசல், ஒரு நாள் மோர்க்குழம்பு என்று மாற்றி மாற்றித்தானே சமைக்கிறோம்? தொடர்ந்து மூன்று நாள் ஒரே குழம்பை வைத்துப் பாருங்கள், வீட்டில் இருப்பவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்கள். நாக்குக்குச் சலிப்பு என்பது ஒரு புறம். ஒரே பண்டத்தில் உடம்புக்கு வேண்டிய எல்லாச் சத்தும் கிடைக்காது என்பது இன்னொரு புறம். சமையலில் நன்றாகத் தெரிந்த இந்தச் சங்கதி, தேகப்பயிற்சி விஷயத்தில் மட்டும் எனக்கு வெகு நாள் தெரியாமல் போய்விட்டது. அதைத் தெரிய வைத்தது என் அம்மாதான்.

இரண்டு வருஷமாக நான் தினமும் காலையில் ஏரிக்கரைப் பக்கம் நாற்பது நிமிஷம் நடக்கிறவள். போளூரில் விடியற்காலையில் நடக்கிற பெண்களில் நானும் ஒருத்தி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. "நான் தினமும் நடக்கிறேன், எனக்கென்ன?" என்று நாத்தனாரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் ஆடி மாசம். பக்கத்துத் தெருவில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மா, கொல்லைப்புறத்தில் துணி உலர்த்தப் போனவர், ஈரத்தில் கால் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்துவிட்டார். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள். செல்போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. பால்காரம்மா வந்து பார்க்கிற வரைக்கும் முக்கால் மணி நேரம் அம்மா தரையிலேயே இருந்திருக்கிறார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அடி ஒண்ணும் பெரிசா படலடி. ஏந்திருக்கத்தான் முடியல" என்றார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் அம்மா சொன்ன வார்த்தை எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அம்மா சோம்பேறி இல்லை. 71 வயதிலும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே போய் வருகிறவர். நடக்கத் தெம்பிருக்கிற கால்களுக்கு எழுந்திருக்க மட்டும் ஏன் தெம்பில்லாமல் போயிற்று?

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். கையை ஊன்றாமல் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை! ஒரு கையை ஊன்றியும் முடியவில்லை. இரண்டு கைகளையும் ஊன்றி, முட்டியைப் பிடித்து, ஒரு முனகலோடுதான் எழுந்தேன். எனக்கு வயது 44. இரண்டு வருஷ நடையும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நடைக்குத் தெரிந்தது நடைதான்

விஷயம் இதுதான். உடம்புக்கு எதைப் பழக்குகிறோமோ அதுதான் வரும். நடை நல்லது, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது. தமிழக அரசே 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப் பாதைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடையும் இடுப்பும் முழுசாக மடங்கி நிமிர்வதில்லை. கைகளும் தோள்களும் எதையும் தூக்குவதில்லை. ஒற்றைக் காலில் நிற்கிற வேலை பெரிதாக இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ஆலோசனையிலும் நடை மாதிரியான உழைப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமாக மூச்சு வாங்கும் உழைப்பு வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு தரும் பயிற்சி வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கவும் வலுவுக்குமான பயிற்சியும் வேண்டும். இன்னொரு நல்ல செய்தியும் அதில் உண்டு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். இப்போது அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அடுப்பில் குக்கர் விசில் அடிப்பதற்குள் செய்கிற மூன்று நிமிஷமும் கணக்கில் சேரும். நமக்கு வேறென்ன வேண்டும்?

ஆக, சமையலைப் போலவே இதிலும் நாலு வகை தேவை: மூச்சு வாங்குவது, வலு சேர்ப்பது, வளைந்து நீள்வது, தடுமாறாமல் நிற்பது.

ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்கும் ஒரு பாட்டியை இந்தக் கண்ணோடு பார்த்தேன். கூடையை இறக்குவார், குந்தி உட்காருவார், அளந்து கொடுப்பார், கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பார், நடப்பார். நாலு வகையும் அதில் இருக்கிறது. "முட்டி எனக்கும்தான் வலிக்குது தாயி. கூடைய யாரு தூக்குவா?" என்று சிரித்தார். அவர் பிழைப்புக்காகச் செய்கிற உழைப்பு அது. அதைப் பார்த்துப் பொறாமைப்படுவது நியாயமில்லை. ஆனால் பாடம் கற்றுக்கொள்ளலாம்.

துணி உலர்த்தும் சைக்கிள்

காசு கொடுத்தால்தான் மாற்றம் கிடைக்கும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நடை சலித்துப்போன ஒரு மழைக்காலத்தில், நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்றைத் தவணையில் வாங்கினேன். 8,500 ரூபாய். முதல் மாசம் மிதித்தேன். இரண்டாம் மாசம் பேரனுக்கு விளையாட்டுச் சாமான் என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தார். மூன்றாம் மாசத்திலிருந்து அதில் ஈரத் துண்டு காய்கிறது. யோசித்துப் பார்த்தால் அதுவும் கால்களுக்கு மட்டுமான ஒரே வகை வேலைதான். ரசத்துக்குப் பதில் இன்னொரு ரசம்!

இந்தத் தடவை வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வேண்டியதெல்லாம் இங்கேயே கிடந்தது.

வீட்டில் கிடைக்கும் சாமான்கள்

*நாற்காலி.* கை வைக்காத, ஆடாத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காக மடித்துக்கொண்டு, உட்கார்ந்து எழுந்திருங்கள். மெதுவாக, தொப்பென்று விழாமல் உட்கார வேண்டும். பத்து தடவை செய்து பாருங்கள், தொடை பேசும். வயதானவர்களுக்கு இதையே பரீட்சையாகவும் வைக்கிறார்கள். 30 விநாடியில் கை ஊன்றாமல் எத்தனை தடவை எழுந்திருக்க முடிகிறது என்று எண்ணுவார்கள். 70 முதல் 79 வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தால், விழக்கூடிய அபாயம் கூடுதல் என்று அர்த்தம்.

*சுவர்.* இரண்டடி தள்ளி நின்று, இரு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கிச் சுவரை நோக்கிச் சாய்ந்து, தள்ளி நிமிருங்கள். சுவர்த் தண்டால் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். சுலபமாகிவிட்டால் அதையே சமையல் மேடையைப் பிடித்துச் செய்யலாம். சாய்வு கூடக் கூடப் பாரமும் கூடும்.

*பாட்டில்.* ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ. அதிலேயே காய்ந்த மணலை நிரப்பினால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். அரை லிட்டரில் தொடங்கி மாசா மாசம் கூட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டில் தோள் வரை தூக்குவது, முழங்கையை மடக்கி நிமிர்த்துவது இரண்டும் போதும்.

*பழைய நூல் புடவை.* நீளவாக்கில் நாலாக மடியுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களில் மாட்டி, முதுகை நிமிர்த்தியபடி இரு கைகளாலும் இழுத்துப் பிடியுங்கள். தொடையின் பின்பக்கம் நீளும். இருபது எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

*மாடிப்படி.* லண்டனில் இரட்டை மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவரது குழுவினரும் 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள. ஒரே பஸ், ஒரே தெரு. உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களை விட, நாளெல்லாம் மேலும் கீழும் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வடகம் காயப்போட மாடிக்குப் போகிற நமக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தடவைக்குப் பதில் நாலு தடவை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

*கயிறு.* ஸ்கிப்பிங் கயிறு கடையில் வாங்க வேண்டியதே இல்லை. கொடிக்கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் இரண்டு நுனிகளும் அக்குள் வரை வர வேண்டும். அதுதான் அளவு. முட்டி வலி உள்ளவர்கள் கயிறு இல்லாமல், நின்ற இடத்திலேயே கையைச் சுழற்றிக் காலை மாற்றி மாற்றித் தூக்கினால் போதும்.

*சாக்பீஸ்.* மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டடி நீளத்துக்கு ஓர் எட்டுப் போட்டு அதன் மேலேயே நடந்தால், நடையே வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு திரும்ப வேண்டும், கண் கோட்டைப் பார்க்க வேண்டும். அதே சாக்பீஸில் பாண்டிக் கட்டமும் போடலாம். ஒற்றைக் காலில் தாவி, குனிந்து சில்லை எடுப்பதில் நான் சொன்ன நாலு வகையும் அடங்கிவிடுகிறது. முதல் நாள் நான் தாவியதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "இன்னா, சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்றார். ஒன்பதாவது படிக்கிற மகள் மட்டும் விடவில்லை. "அம்மா, கோட்ட மிதிச்சிட்ட, அவுட்டு!" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே கட்டம் போட்டுவிட்டுக் கூப்பிடுகிறாள்.

தரையில் செய்கிற பயிற்சிக்கு, வேதாத்திரி மகரிஷி (1911-2006) வகுத்துக் கொடுத்த எளியமுறை உடற்பயிற்சி நமக்குத் தெரிந்ததுதான். கை, கால், மூச்சு, கண் என்று தொடங்கி உடல் தளர்த்துவது வரை வரிசையாகப் போகும். ஒரு பாயைத் தவிர வேறெதுவும் வேண்டாம். மனவளக்கலை மன்றம் இருக்கிற ஊர்களில் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. நான் வாரத்தில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன்.

பாட்டுக் கணக்கு

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தால் நிமிஷம் நகராது. ஜப்பானில் 1928-ல் வானொலி மூலம் தேகப்பயிற்சி சொல்லித்தர ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் காலை ஆறரை மணிக்குப் பியானோ இசையோடு அது ஒலிபரப்பாகிறது. கிழவர்களும் குழந்தைகளும் பூங்காவில் ஒன்றாக நின்று செய்கிறார்கள். இசை ஓடினால் கை தானாக ஓடும் என்பதுதான் சூட்சுமம். நம் சினிமாப் பாட்டு ஒன்று நாலு நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், ஏழு பாட்டு 28 நிமிஷம். வாரத்தில் ஐந்தாறு நாள் அப்படிச் செய்தால் 150 நிமிஷம் தேறிவிடும். மிதமான உழைப்புக்கு ஓர் அடையாளம் உண்டு: செய்யும்போது பேச முடிய வேண்டும், கூடவே பாட முடியக் கூடாது.

என் வீட்டு வாரத் திட்டம்

திங்கள்: ஏரிக்கரை நடை, வந்ததும் சுவர்த் தண்டால் பத்து.
செவ்வாய்: நாற்காலிப் பயிற்சி, பாட்டில், மாடிப்படி.
புதன்: மொட்டை மாடியில் எட்டு நடை, புடவை இழுப்பு.
வியாழன்: பாயில் எளியமுறைப் பயிற்சி.
வெள்ளி: வாசலில் பெரிய புள்ளிக் கோலம், குந்தி நகர்ந்து நகர்ந்து போடுவது. பிறகு நடை.
சனி: செவ்வாய் மாதிரியே. முடிந்த மாசத்தில் ஒரு சனிக்கிழமை சம்பத்கிரி மலையேற்றம். படியேறிய மாதிரியும் ஆயிற்று, நரசிம்மரைச் சேவித்த மாதிரியும் ஆயிற்று.
ஞாயிறு: பிள்ளைகளோடு பாண்டி அல்லது கயிறு.

இதைத் தவிர, தினமும் பல் தேய்க்கும்போது ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். பாதி நேரம் வலது கால், பாதி நேரம் இடது கால்.

செலவுக் கணக்கு கேட்பீர்களே? புதுக் கயிறு 30 ரூபாய், சாக்பீஸ் டப்பா 20 ரூபாய். ஆக 50 ரூபாய். சைக்கிளின் 8,500-ஐ நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இளம் தாய்மார்களுக்கு

பிரசவமானவர்கள் முதல் ஆறு வாரம் அவசரப்படாதீர்கள். டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு மெல்ல நடையில் தொடங்குங்கள். வயிற்றைக் கிழித்துப் பிரசவமானவர்கள் இன்னும் நிதானமாகப் போக வேண்டும்.

குதிக்கும்போதோ தும்மும்போதோ சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிகிறதா? யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டுக்கொண்டே பயிற்சியை விட்டுவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். நானும் அப்படி விட்டவள்தான். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது சகஜம். 1948-ல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் இதற்கு ஒரு பயிற்சியை எழுதினார். சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசை இறுகுகிறதோ, அதை ஐந்து எண்ணும் வரை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை தளர்த்த வேண்டும். பத்து தடவை, மூன்று வேளை. மூச்சைப் பிடிக்காதீர்கள். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சில மாசம் செய்தும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போகத் தயங்காதீர்கள். அது சரியாகும் வரை கயிற்றை ஒதுக்கி வையுங்கள்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் மொட்டை மாடியிலும் செருப்புப் போட்டே நடக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

விழுந்தால் எழுவது எப்படி?

இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள். விழுந்ததும் பதறி எழக் கூடாது. அப்படியே இருந்து மூச்சு வாங்கி, எங்காவது கடுமையாக வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலித்தால் அசையாமல் குரல் கொடுக்க வேண்டும். வலி இல்லையென்றால் மெல்ல ஒருக்களித்துப் புரண்டு, முட்டியும் கையும் ஊன்றி, குழந்தை மாதிரி தவழ்ந்து, அருகில் உள்ள நாற்காலிக்கோ திண்ணைக்கோ போக வேண்டும். இரு கைகளையும் அதன் மேல் வைத்து, வலுவான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். வீட்டில் யாராவது கூட இருக்கும்போது பாயில் ஒத்திகை பார்ப்பது நல்லது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இந்த வயசுல எனக்குத் தவழச் சொல்லித் தர்றியா?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு என்ன தோன்றிற்றோ, தானே பாயை விரித்தார். நாற்காலிப் பயிற்சியில் முதல் நாள் கை ஊன்றாமல் இரண்டு தடவைதான் எழ முடிந்தது. சாயங்காலம் நான் போகும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து செய்கிறோம், சிலநாள் சண்டை போட்டுக்கொண்டே. போன வாரம் 30 விநாடியில் ஏழு. பத்துக்கு இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது.

எனக்கும் பாக்கி இருக்கிறது. இப்போது ஒரு கையை ஊன்றினால் முனகாமல் எழுந்துவிடுகிறேன். கை ஊன்றாமல் எழுவது பொங்கலுக்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

இன்றைக்கு ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வைத்த பிறகு, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நீங்களும் தரையில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். எத்தனை கை தேவைப்பட்டது என்று எழுதி வையுங்கள். மூன்று மாசம் கழித்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் பெண்கள் ஆடுகிற ஆட்டம், வீட்டுச் சாமானில் செய்கிற பயிற்சி ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். என் வாரத் திட்டத்தில் வியாழக்கிழமைக்கு இன்னும் ஒன்று சேர்க்க இடம் இருக்கிறது.